படத்தில் ஓடிய பஸ்

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து பிரபு போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவர். குரலில் சலிப்பு இருந்தது.

"சார், புது ஆப் போட்டிருக்கோம். கேள்வி கேட்டா தமிழ்லயே பேசுது. குட் மார்னிங் சொல்லுது, பர்த்டேன்னா வாழ்த்துது. ஆனா நம்ம லேடீஸ் எல்லாம் பழசையே குடுங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. பழசுல அப்டி இன்னா சார் இருந்துச்சு?"

எழுதித் தருகிறேன் என்றேன். போனில் சொல்லியிருந்தால் என் பெருமை பாதியும் பழைய கதை பாதியுமாகப் போயிருக்கும். எழுத உட்கார்ந்தால் நான் செய்த தப்பையும் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிரபு கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தப்பில்தான் இருக்கிறது.

ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயை ஒட்டிய ஒரு ஷூ ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பெயர் சம்பத். வாணியம்பாடியில் பி.காம். முடித்துவிட்டு டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். கேட் பக்கத்தில் உட்கார்ந்து யார் வந்தார்கள், யார் லேட் என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. பிறகு பஞ்சிங் மிஷின் வந்தது, அதன் பிறகு கம்ப்யூட்டர். வேலூரில் ஆறு மாதம் மாலை நேரக் கோர்ஸ் படித்தேன். போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். இருந்தாலும் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் தெரிந்த கிளார்க் நான் ஒருவன்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, என்னைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்தார்கள்.

கொரோனா அடங்கிய சமயத்தில் எனக்கு மேலே புது மேனேஜர் வந்தார். நஸ்ரின் மேடம். வாணியம்பாடிக்காரர். வீட்டில் உருது, வெளியே தமிழ், மீட்டிங்கில் இங்கிலீஷ். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டார். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன். முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, "சம்பத் சார், நம்ம லீவ் மிஷின்ல நீங்க எப்பவாச்சும் லீவ் போட்டிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு மேடம்? நான் நேரா ஜி.எம். கிட்ட சொல்லிட்டுப் போய்டுவேன்."

அவர் சிரித்தார். சிரிப்பில் குத்தல் இல்லை. ஆனால் எனக்குக் குத்தியது.

லீவ் மிஷின் என்பது கேன்டீன் சுவரில் மாட்டியிருந்த தொடுதிரை. சென்னைக் கம்பெனி ஒன்று செய்து கொடுத்தது. பெண்கள் கார்டைக் காட்டி, தேதியைத் தொட்டு, லீவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் ஒரே தொல்லை, பாதிப் பேர் ஒரே நாளுக்கு இரண்டு லீவ், மூன்று லீவ் போட்டுவிடுவார்கள். "படிக்காததுங்க, தட்டிக்கிட்டே இருக்குதுங்க" என்று நானும் திட்டியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் கதையும் அதேதான்.

மேடம் ஒரு வாரம் முழுக்கக் கேன்டீனில் நின்றார். அவர் நிற்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மிஷினைத் தொடுகிறவருக்குப் பின்னால், ஒரு பக்கமாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பெண் எவ்வளவு திணறினாலும் "இத அமுக்குங்க" என்று சொல்ல மாட்டார். கை நீளாது. எனக்குத்தான் பொறுக்காமல் விரல் துடிக்கும். எல்லாம் முடிந்து அந்தப் பெண் திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்பார்: "இப்போ உங்க லீவ் எங்க போயிருக்குன்னு நினைக்கிறீங்க?"

பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பதில் தெரியவில்லை. ஒரு அம்மா சொன்னார், "யாருக்குத் தெரியும் மேடம். உள்ள போட்டேன். அவ்ளோதான்."

அந்த வாரம்தான் நானும் முதல் தடவையாக ஒழுங்காகக் கவனித்தேன். பொத்தானைத் தொட்டால் நான்கைந்து நொடி எதுவும் நடக்காது. நிறம் மாறாது, சத்தம் வராது. தொட்டவர் மிஷினைப் பார்ப்பார், பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், பிறகு இன்னொரு முறை அமுக்குவார். அப்போது இரண்டாவது லீவ் விழும். எல்லாம் முடிந்ததும் திரையில் "தங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது" என்று எழுத்து வரும், கூடவே கலர் கலராகப் பலூன் பறக்கும். பலூனைச் சென்னைக் கம்பெனி இலவசமாகப் போட்டுக் கொடுத்திருந்தது. ஃபினிஷிங் செக்ஷன் ராணி ஒரு நாள் மிஷின் முன்னால் நின்று அழுதுகொண்டே சொன்னாள், "மாமனார் செத்ததுக்கு லீவ் போட்டா பலூன் உடுது மேடம்."

பலூனை அன்றைக்கே எடுக்கச் சொன்னார் மேடம். மற்றதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அவர் வைத்த விதிகள் எனக்கு அப்போது சுண்டைக்காய் சமாச்சாரமாகத் தெரிந்தன. விரலை எடுப்பதற்குள் மிஷின் பதில் சொல்லிவிட வேண்டும். வேலை முடியாவிட்டாலும் "வாங்கிட்டேன்" என்றாவது காட்ட வேண்டும். சொல்யூஷன் பசை ஒட்டிய விரலால் தொடுவார்கள், அதனால் பொத்தான் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு இருக்க வேண்டும். "வெற்றிகரமாக" என்ற வார்த்தை எங்கேயும் வரக்கூடாது. அதற்குப் பதில், "உங்க லீவ் சூப்பர்வைசர் கிட்ட போயிருக்கு. அவர் இன்னும் பார்க்கல." பார்த்ததும், "பார்த்துட்டார்." பிறகு, "வேணாம், திரும்ப எடுத்துக்கறேன்" என்று ஒரு பொத்தான். விருந்தாளி வரவில்லை என்றால் லீவை ரத்து செய்ய முன்பெல்லாம் மூன்று பேரிடம் கெஞ்ச வேண்டும். பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்தப் பொத்தான்தான். லீவைத் திரும்ப எடுப்பவர்கள் என்னவோ கொஞ்சம் பேர்தான். ஆனால் எடுக்கலாம் என்று தெரிந்ததும் எல்லோரும் தைரியமாக மிஷினைத் தொட ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். மேடம் என்னை ஃபினிஷிங் லைனுக்கு அழைத்துப் போனார். அங்கே கடைசி மேஜையில் செக் பண்ணுகிற பெண் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, விரல் நுனியால் உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்ப்பாள். ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, லைனிங் மடிந்திருக்கிறதா என்று. நான் முப்பது வருடமாகப் பார்க்கிற காட்சி.

"வெளிய பாலிஷ் பாக்கறதுக்கு நாலு பேர் இருக்காங்க சம்பத் சார். உள்ள கை உட்டுப் பாக்கறது இவங்க ஒருத்தர்தான். போட்டுக்கிறவங்க கால் உள்ளதான இருக்கப் போவுது. நம்ம வேலை இவங்க வேலை மாதிரி."

அன்றைக்குத்தான் எனக்கு மேடம் மேல் மரியாதை வந்தது. அதற்குப் பிறகு குறையவே இல்லை, கூடிக்கொண்டேதான் போனது.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன்.

எங்கள் ஃபேக்டரிக்குப் பெண்கள் சுற்று வட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறார்கள். ஒரு பஸ் ஒடுகத்தூரில் கிளம்பி, மலையடிவாரமாக மாதனூர் வந்து, ஹைவே பிடித்து ஃபேக்டரி சேரும். இதில் ஒரு விதி உண்டு. கம்பெனி பஸ் எவ்வளவு லேட்டாக வந்தாலும் அதில் வந்தவர்களுக்கு லேட் போட மாட்டார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் என்று மாறி வந்து, கேட்டில் ஐந்து நிமிடம் தாண்டினால் லேட். ஒரு மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் தையல் மிஷினில் இருப்பவரை டேபிளுக்கு இறக்கிவிடுவார்கள். டேபிள் என்றால் நூல் வெட்டுவது, ஓரம் மடிப்பது, சொல்யூஷன் தடவுவது. மிஷினில் உட்கார மூன்று நான்கு வருடம் டேபிளில் நின்றிருப்பார்கள். அங்கிருந்து திரும்ப இறங்குவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது.

ஆகவே காலையில் ரோட்டில் நிற்கிற பெண்ணுக்கு ஒரே கேள்விதான். பஸ் இனிமேல் வருமா, போய்விட்டதா? வருமென்றால் நிற்கலாம், எவ்வளவு நேரமானாலும் பயமில்லை. போய்விட்டதென்றால் அந்த நிமிடமே ஷேர் ஆட்டோவுக்கு ஓட வேண்டும்.

இதற்கு அவர்கள் தாங்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு ஸ்டாப்பில் முதலில் ஏறுகிற பெண் அடுத்த ஸ்டாப்பில் இருக்கும் ஒருத்திக்கு மிஸ்டு கால் கொடுப்பாள். அவள் ஏறியதும் அதற்கடுத்த ஸ்டாப்புக்கு. ஒரு பைசா செலவில்லாமல் வருடக்கணக்காக நடந்தது. நாங்கள் போனில் பஸ் ஆப் போட்டுக் கொடுத்ததும் அது நின்றுபோனது. பஸ் எங்கே இருக்கிறது என்று போனில் ரோட்டுப் படத்திலேயே தெரியும்போது மிஸ்டு கால் எதற்கு?

ஆனால் ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் வரும் வழியில் மலை மறைக்கிற இடங்களில் பஸ்ஸில் வைத்திருந்த கருவிக்குச் சிக்னல் கிடைக்காது. அப்போதெல்லாம் படத்தில் பஸ் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துத் திடீரென்று ஒரு கிலோமீட்டர் தாண்டிக் குதிக்கும். பெண்கள் எனக்குப் போன் மேல் போன். "சார், பஸ் நின்னு போச்சா?" "சார், பஸ் பறக்குது."

அந்தச் சமயம் பார்த்து மேடம் அம்மாவை அழைத்துக்கொண்டு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போனார். மூன்று வாரம் நான்தான் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிற போன் தொல்லை தாங்காமல் நான் சென்னைக் கம்பெனியைக் கூப்பிட்டுச் சொன்னேன், "சிக்னல் இல்லாதப்ப பஸ் நிக்கக் கூடாதுப்பா. சராசரியா என்ன வேகத்துல வருமோ அந்த வேகத்துல படத்துல ஓட விட்டுடு." அவர்கள் இரண்டே நாளில் செய்துவிட்டார்கள்.

என்ன அழகு தெரியுமா. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல பஸ் வழுக்கிக்கொண்டு போகும். போன் வருவது நின்றது. மாதனூர்ப் பெண்கள் கேன்டீனில் என்னைப் பார்த்து, "சார், இப்பதான் ஆப் சூப்பரா கீது" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் திரும்பி வந்து பேரீச்சம்பழம் கொடுத்தார், ஆப்பைப் பார்த்தார், "எப்படி இவ்ளோ ஸ்மூத்தா ஆச்சு?" என்று கேட்டார். "அவங்க ஏதோ வேகத்த சரி பண்ணாங்க மேடம்" என்றேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் கோகிலா கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். மாதனூருக்கு முன்னால் பால் சொசைட்டி ஸ்டாப்பில் ஏறுகிறவள். நான்கு வருடம் டேபிளில் இருந்து, அந்த வருடம்தான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாதவள். அன்று போனைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"சார், பஸ் என் ஸ்டாப்பத் தாண்டிப் போறத நான் படத்துல பாத்தேன். ரோட்லதான் நிக்கறேன், பஸ் வரல. ஆனா படத்துல தாண்டிடுச்சி. நான் தண்ணி குடிக்கத் திரும்பினப்ப போய்டுச்சோன்னு ஆட்டோ புடிச்சி ஓடியாந்தேன். லேட் போட்டுட்டாங்க. அப்புறம் பாத்தா பஸ் எனக்கும் பின்னால வருது."

அன்று பஸ் வழியில் பஞ்சர் ஆகி நின்றிருந்தது. படத்தில் நிற்கவில்லை. எனக்குப் பொறி தட்டியது. ஆனால் வாய் வேறு சொன்னது. "நெட் ஸ்லோவா இருந்திருக்கும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு."

அடுத்த வாரம் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறி பஸ் சுற்றிக்கொண்டு வந்தது. படத்தில் பஸ் பாலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்து கோகிலாவைத் தாண்டிப் போனது. இரண்டாவது லேட். மறுபடி வந்தாள். நான் மறுபடி நெட்டைச் சொன்னேன். மூன்றாவது லேட் அதற்கு மூன்று நாள் கழித்து விழுந்தது. இந்த முறை அவள் என்னிடம் வரவில்லை. நேராக மேடத்திடம் போனாள்.

"மேடம், எனக்கு ஆப் பாக்கத் தெரியலன்றாங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. திங்கக்கெழமையில இருந்து டேபிளுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷம் மேடம்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்கே மேடம் தம்பியின் பைக்கில் ஒடுகத்தூர் போய்விட்டார். அங்கிருந்து பெண்களோடு பெண்ணாக எங்கள் பஸ்ஸில் ஏறி, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வரை வந்தார். வந்ததும் நனைந்த புர்காவோடு என் மேஜைக்கு வந்து போனை வைத்தார். பஸ் ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ. வெளியே நூறு மாடு ரோட்டை அடைத்து நிற்கிறது. பஸ் நிற்கிறது. அதே சமயம் பக்கத்துப் பெண்ணின் போனில் எங்கள் ஆப். அதில் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

"வண்டி நிக்குது சார். படம் ஓடுது. இது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டேன். போன் தொல்லை, சராசரி வேகம், சென்னைக் கம்பெனி, எல்லாம். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக ஒரே கேள்வி.

"கோகிலா முதல் தடவ வந்தப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"சந்தேகம் வந்துச்சு மேடம்."

அவர் திட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, ஜி.எம். ரூமுக்குப் போவோம்" என்றார். படியேறும்போது, "நீங்கதான் பேசணும்" என்று மட்டும் சொன்னார்.

ஜி.எம். தேவராஜ் சார் கறாரான ஆள். டிரைவரின் டிரிப் ஷீட்டையும் கேட் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் மூன்று நாளையும் விளக்கினேன். நான் முடித்ததும் மேடம், "இது எங்க டிபார்ட்மென்ட் தப்பு சார். அந்தப் பொண்ணு ஆப் சொன்னத நம்புனா. அதத் தவிர வேற எதுவும் பண்ணல" என்றார்.

ஜி.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு லேட் மார்க்கையும் அழிச்சா நாளைக்கு லைன் முழுக்க என் ரூம் வாசல்ல நிக்கும். மார்க் இருக்கட்டும். டேபிளுக்கு அனுப்பறத நிறுத்தி வைக்கறேன். ஆனா இந்த மாசம் முடியறதுக்குள்ள இன்னொரு லேட் விழுந்துச்சின்னா, யார் தப்புன்னு நான் கேக்க மாட்டேன். டேபிள்தான்."

மாதம் முடிய பதினோரு வேலை நாள் இருந்தது.

மேடம் முதலில் செய்தது அறிவிப்பு. அன்று மாலை ஆப்பைத் திறந்த அத்தனை பெண்களுக்கும் முதலில் வந்தது இதுதான்: "போன சில வாரமா ஆப்ல நீங்க பார்த்த பஸ் பாதி நேரம் நிஜ பஸ் இல்ல. சிக்னல் இல்லாதப்போ நாங்க குத்துமதிப்பா ஓட விட்டோம். அதை உங்ககிட்ட சொல்லல. அதை நம்பி ஒருத்தருக்கு லேட் விழுந்தது. தப்பு எங்களோடது. இனிமே தெரிஞ்சத மட்டும் காட்டுவோம்." அடியில் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் என்று போட்டு, மேடம் பெயர், என் பெயர்.

நான் தடுத்துப் பார்த்தேன். "மேடம், தப்ப சரி பண்ணா போதாதா? நம்மளே தண்டோரா போடணுமா? இனி ஒருத்தியும் இத நம்ப மாட்டா."

"சம்பத் சார், இருட்டு பிரியறதுக்கு முன்னாடி அவங்க மழையில ரோட்ல நிக்கறாங்க. நாம ஃபேன் கீழ உக்காந்து பஸ் ஓட்டுறோம். அவங்களுக்கே ஒருநாள் தெரியத்தான் போவுது. நாம சொல்லித் தெரியட்டும்."

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. கேன்டீனில் தலை குனிந்து சாப்பிட்டேன். ராணி மட்டும் பக்கத்தில் வந்து, "பேரு போட்டு மன்னிப்புக் கேட்ட ஆபீஸரு நீதான் சார் மொதல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேலியா பாராட்டா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

புதிய திரை நான்கு நாளில் வந்தது. பார்க்க அழுமூஞ்சி. சிக்னல் இருந்தால் பஸ் பச்சையாக நகரும். சிக்னல் போனால் அந்த இடத்திலேயே நின்று சாம்பல் நிறமாகிவிடும்; கீழே "கடைசியா பார்த்தது" என்று இடமும் நேரமும் வரும். அதற்கும் கீழே, "இப்போ எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியல." இந்த வரிக்காக நானும் மேடமும் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினோம். "தகவல் பெறப்படுகிறது" என்று போடலாம் என்றேன். "யாரும் பெறலையே சார்" என்றார். பழைய மிஸ்டு கால் வழக்கத்தையும் பெண்களிடமே கேட்டு உள்ளே கொண்டுவந்தார். "ஏறிட்டேன்" என்று ஒரு பொத்தான். ஏறுகிறவள் அமுக்கினால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்களின் போன் இரண்டு முறை அதிரும். பெண்கள் போன்களில் வேறு வேறு சிம், ஒன்றில் சிக்னல் போனாலும் இன்னொன்றில் எடுக்கும். இத்தனையும் வைத்து, பஸ் இன்னும் முந்தின ஸ்டாப்புக்கே வரவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கடைசி வரி: "உங்க ஸ்டாப்ப இன்னும் தாண்டல."

ஏழு வேலை நாள் மிச்சம் இருந்தது. ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. நான் தினமும் காலை கேட்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்திருந்தேன். மனைவி கேட்டாள், "இன்னா, மறுபடி டைம் ஆபீஸுக்கு மாத்திட்டாங்களா?"

ஆறாவது நாள் நல்ல மழை. ஒடுகத்தூர் தாண்டியதும் பஸ்ஸின் கிளட்ச் போய்விட்டது என்று டிரைவர் சொல்லி, ஃபேக்டரியிலிருந்து மாற்று பஸ் அனுப்பினார்கள். அதை அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது, மாற்று பஸ்ஸில் எங்கள் கருவி கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. படத்தில் பழைய பஸ் ரிப்பேரான இடத்திலேயே சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். பால் சொசைட்டியில் நிற்கிறவளுக்கு எங்களால் சொல்ல முடிந்தது, எனக்கு அப்போது தோன்றியவரை, தெரியவில்லை என்பது மட்டும்தான். கோகிலாவுக்குப் போன் போடலாமா என்று மேடத்தைக் கேட்டேன். அவருக்கும் கை பரபரத்திருக்கும். ஆனால், "ஒருத்திக்குப் போன் போட்டா மத்தவங்களுக்கு யார் போடுவா? மாத்து பஸ் வருதுன்னு எல்லாருக்கும் போடுங்க" என்றார். நான் அதை டைப் அடித்து அனுப்பப் பார்த்தால், மழைக்கு ஃபேக்டரியின் நெட் போயிருந்தது. அறைக்கும் கேட்டுக்குமாக ஓடினேன்.

ஷிஃப்ட் மணி அடித்தது. ஐந்து நிமிடம் தாண்டியது. டவுன் பஸ்ஸிலிருந்து நான்கு பெண்கள் இறங்கி நனைந்தபடி ஓடி வந்தார்கள். எல்லோரும் பால் சொசைட்டிக்கு முந்தின ஸ்டாப். நான்கு பேருக்கும் லேட் விழுந்தது. கோகிலா அவர்களோடு இல்லை. "கோகிலா எங்கம்மா?" என்றேன். "ஆட்டோவ நிறுத்திக் கூப்பிட்டோம் சார், வரலன்னுட்டா. அங்கயே நிக்கறா" என்றாள் ஒருத்தி. அவள் வீட்டுக்கே திரும்பிப் போயிருப்பாளோ என்று நான் கேட்டுக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்தேன். மேடம் குடையை மடக்காமலே என் பக்கத்தில் வந்து நின்றார்.

இன்னும் இருபது நிமிடம் கழித்து மாற்று பஸ் உள்ளே வந்தது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ கோகிலா. கார்டைக் காட்டினாள். கம்பெனி பஸ். லேட் இல்லை.

நான் குறுக்கே போய் அவளை நிறுத்திவிட்டேன். "நாலு பேர் ஆட்டோ ஏறிட்டாங்க. மாத்து பஸ் வருதுன்னு நாங்க சொல்லவும் இல்ல. நீ ஏம்மா போகல?"

அவள் எதையோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்பது போல என்னையும் மேடத்தையும் பார்த்தாள்.

"பஸ் எங்க கீதுன்னு தெரியலன்னு போட்டிருந்துச்சி சார். கீழ, உங்க ஸ்டாப்ப தாண்டலன்னு போட்டிருந்துச்சி. முன்னாடி எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஓடுச்சி, நம்பி மோசம் போனேன். இப்ப தெரியாதத தெரியலன்னு சொல்லுது. அப்ப தாண்டலன்றது நெசமாத்தான இருக்கும்? அதான் நின்னேன்."

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோகிலா ஈரச் செருப்போடு தையல் லைனைப் பார்த்து ஓடினாள், அவள் மிஷின் அவளுக்காகக் காலியாக இருந்தது.